ஒரு கூரையும் மூன்று வலைகளும்

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் மக்களுக்கு லயம் என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. நீண்ட ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பல வீடுகள். வீட்டுக்கு ஒரு கதவு. கதவுக்கு ஓர் எண். வெளியே நின்று நோக்குவார்க்கு ஒவ்வொன்றும் தனி வீடாகவே தோன்றும். ஆயின், பழைய லயங்கள் சிலவற்றில் வீடுகளுக்கு இடைப்பட்ட தடுப்புச் சுவர் கூரையைத் தொடுவதில்லை. ஒரு வீட்டில் அடுப்பு மூட்டினால் அடுத்த வீட்டில் புகை சூழும். ஒரு வீட்டில் நிகழ்ந்த பேச்சை மறு வீடும் கேட்கும். கதவும் எண்ணும் தனித்தனியே இருந்தும் வீடுகள் தனித்தனி ஆகவில்லை.

காலம் மாறியது. தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் தந்தன. லயத்தில் பிறந்தோரின் மக்கள் இன்று ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் தாமான் வரிசை வீடுகளில் வாழ்கின்றனர். அவ்வீடுகளில் செங்கற்சுவர் கூரையைத் தொடுகின்றது. எனினும், அச்சுவர்களுக்குள் கண்ணுக்குப் புலனாகாத வேறொரு லயம் உளது. அதுவே வைஃபை எனப்படும் கம்பியில்லா இணைய வலை. அதன் கதவுகள் எத்தனை, எண்கள் யாவை, தடுப்புச் சுவர் கூரையைத் தொடுகின்றதா என்பவற்றை ஆசிரியப் பெருமக்கள் அறிந்திருத்தல் நன்று.

ஆசிரியர் வீட்டு வலை

2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக் கதவுகள் மூடப்பட்டன. ஆசிரியரின் வீட்டு மேசையே வகுப்பறையாயிற்று. அவ்வாண்டிலேயே கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளமும் அறிமுகமாயிற்று. பள்ளிகள் மீண்டும் திறந்த பின்னரும் பள்ளிப்பணி வீட்டை விட்டு முற்றும் நீங்கவில்லை. மாணவரின் மதிப்பீட்டுப் பதிவுகளும், பெற்றோரின் தொலைபேசி எண்களும், நடத்தப்படாத தேர்வின் வினாத்தாளும் ஆசிரியரின் வீட்டுக் கணினியில் இருத்தல் இன்று இயல்பே.

அதே வீட்டில் வேறு என்ன உள? பிள்ளைகளின் விளையாட்டுக் கருவி ஒன்று, தொலைக்காட்சி ஒன்று, வாயிற்கதவை நோக்கிய கண்காணிப்புக் கேமரா ஒன்று, ஆளுக்கொரு கைப்பேசி. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பின்போது வருவோர் முறுக்கைக் கையில் எடுத்ததும் அடுத்துக் கேட்பது வைஃபை கடவுச்சொல். கேட்பவர்க்கு இல்லை என்பது தமிழர் மரபன்று, ஆதலின் சொல்லப்படுகின்றது. சொல்லப்பட்ட சொல் பின்னர் மாற்றப்படுவதும் அரிதே.

இக்கருவிகள் யாவும் ஒரே வலையில் இருப்பின், ஒவ்வொன்றும் மற்றொன்றைத் தேடிச் சென்று தட்டிப் பார்க்க இயலும். விருந்தினரின் கைப்பேசியில் தீங்கான செயலி ஒன்று இருப்பின், அது ஆசிரியரின் கணினியை அடைவதற்கு இடையில் தடையேதும் இல்லை. இது வெற்று அச்சம் அன்று என்பதற்கு 2016ஆம் ஆண்டு சான்று பகரும். மிராய் என்னும் தீநிரல் அவ்வாண்டில் உலகெங்கும் உள்ள கேமராக்களையும் ரூட்டர்களையும் தேடிப் பற்றியது. அது கையாண்ட சூழ்ச்சி மிக எளிது: ஆலையில் வைத்த பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாத கருவிகளில், அத்தகைய சொற்கள் ஏறத்தாழ 60 இணைகளை மாற்றி மாற்றி இட்டுப் பார்த்தல். அங்ஙனம் அடிமைப்பட்ட கருவிகள் அக்டோபர் 21ஆம் நாள் ஒருங்கே தாக்கியதால் அமெரிக்காவின் டின் என்னும் நிறுவனம் நிலைகுலைந்தது. டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்கள் பலருக்கு எட்டாமற் போயின. வாயிலைக் காக்க வைத்த கேமராவே பகைவனுக்கு வாயிலாகலாம் என்பது இதனால் விளங்கும்.

சட்டம் காக்காதோ எனின், மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிமாற்றங்களைப் பற்றியது. கூட்டரசு, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்துவதில்லை. அரசுப் பள்ளி மாணவரின் பதிவு ஆசிரியர் வீட்டில் இருக்கும்போது அதனைக் காப்பது பெரிதும் அவ்வாசிரியரின் கடமையுணர்வே.

பெயர் வேறு, சுவர் வேறு

இதற்குத் தீர்வாகப் பலரும் செய்வது, ரூட்டரில் இரண்டாவது வைஃபை பெயர் ஒன்றைத் தோற்றுவித்தல். ஒரு ரூட்டர் ஒரே அலைவாங்கியைக் கொண்டு பல பெயர்களை ஒலிபரப்பவல்லது. “இல்லம்” என ஒரு பெயரும் “விருந்து” என மற்றொரு பெயரும் கைப்பேசித் திரையில் தோன்றும். கடவுச்சொல்லும் வெவ்வேறு. ஆகவே வலைகள் பிரிந்துவிட்டன என்று எண்ணுவர்.

ஈண்டே பிழை நேர்கின்றது. வைஃபை பெயர் என்பது லயத்துக் கதவின் எண்ணை ஒத்தது. இரண்டு பெயர்களும் ரூட்டரின் உள்ளே ஒரே பாலத்தில் இணைக்கப்பட்டிருப்பின், கதவுகள் இரண்டாயினும் கூடம் ஒன்றே. விருந்துக் கதவால் நுழைந்தவரும் இல்லக் கதவால் நுழைந்தவரும் ஒரே கூடத்தில் நிற்பர்.

அண்மைக் காலத்து ரூட்டர்கள் பலவற்றில் விருந்தினர் வலை என்னும் ஏற்பாடு உண்டு. அது விருந்தினரை இணையத்திற்கு மட்டும் விடுத்து, வீட்டுக் கருவிகளிடமிருந்து தடுக்கும். வீட்டில் ரூட்டர் ஒன்றே இருப்பின் பெரும்பாலும் அதுவே போதும். இடர்ப்பாடு எழுவது இரண்டாம் நிலையத்தால். தாமான் வரிசை வீடு முகப்பில் குறுகி, உள்ளே நீண்டது. முன்கூடத்தில் வைத்த ரூட்டரின் அலை, செங்கற்சுவர்கள் இரண்டு மூன்றைக் கடந்து அடுக்களையை அடைவதற்குள் தளர்ந்துவிடும். ஆதலின் பின்கட்டில் துணை வைஃபை நிலையம் ஒன்றை வைத்து, ரூட்டரோடு கம்பியால் இணைப்பர். அத்துணை நிலையமும் “இல்லம்”, “விருந்து” என்னும் இரு பெயர்களையும் ஒலிபரப்பலாம். ஆயின் அங்கிருந்து ரூட்டருக்கு வரும் கம்பி ஒன்றே. அக்கம்பி வழியாக வரும் தரவுப் பொட்டலம் இல்லத்தாருடையதா, விருந்தினருடையதா என்பதை ரூட்டர் யாங்ஙனம் அறியும்? பொட்டலத்தின் மேல் அடையாளம் ஒன்று வேண்டும். அவ்வடையாளமே வி-லேன் முறையின் உயிர்நாடி.

சீட்டின் இலக்கணம்

வி-லேன் என்பதனை மெய்நிகர் உள்வலை எனத் தமிழில் வழங்கலாம். தனிக் கம்பியும் தனிப் பெட்டியும் கொண்டு அமைத்த உள்வலை மெய்யானது. ஒரே கம்பியிலும் ஒரே பெட்டியிலும் இருந்துகொண்டு அதனைப் போலவே பிரிந்து இயங்குவது அதற்கு நிகரானது. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் டேவிட் சின்கோஸ்கி என்னும் பொறியியலறிஞர் 1980களில் மேற்கொண்ட ஆய்வில் இக்கருத்து முளைத்தது. ஐ.இ.இ.இ. என்னும் பன்னாட்டுப் பொறியியலார் கழகம் 1998ஆம் ஆண்டில் 802.1கியூ என்னும் தர விதியாக இதனை வெளியிட்டது.

அவ்விதியின் உள்ளீடு மிகச் சிறிது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும், யாருக்கு, யாரிடமிருந்து என்னும் முகவரிகளை அடுத்து, 4 பைட்டு அளவுள்ள சீட்டு ஒன்று செருகப்படும். அச்சீட்டின் 32 பிட்டுகளில் 16, இது சீட்டு என அறிவிப்பன. 3, பொட்டலத்தின் முன்னுரிமையைக் குறிப்பன. 1, நெரிசலின்போது முதலில் கைவிடத்தக்கதா என்பதைச் சொல்வது. எஞ்சிய 12, வலையின் எண். பன்னிரண்டு பிட்டுகளால் 4096 எண்களைக் குறிக்கலாம். அவற்றுள் 0, 4095 ஆகிய இரண்டும் ஒதுக்கப்பட்டவை. ஆகவே பயன்படுத்தத்தக்கவை 4094.

இவ்வெண் இடுகுறிப் பெயர் போன்றது. 10 என்னும் எண் இல்லத்தையும் 20 என்னும் எண் விருந்தையும் குறிப்பதற்கு இயல்பான காரணம் ஒன்றுமில்லை. இட்டவர் கருதிய பொருளே பொருள். ஆயின் ரூட்டரும் துணை நிலையமும் ஒரே பொருளில் அதனை வழங்கல் வேண்டும். ஒன்று 20 எனவும் மற்றொன்று 30 எனவும் கொண்டால் விருந்தினரின் பொட்டலம் கேமரா வலையில் சென்று விழும்.

சீட்டுடன் செல்லுதல், சீட்டின்றிச் செல்லுதல் என இரு நிலைகள் உண்டு. புதியவர் மிகவும் மயங்குவது இவ்விடத்தில்தான். தமிழாசிரியர்க்கு இது மயக்கம் தருவதன்று. “ஈப்போவுக்குச் சென்றான்” என்பதில் நான்காம் வேற்றுமை உருபு வெளிப்பட நிற்கின்றது. “ஈப்போ சென்றான்” என்பதில் அவ்வுருபு தொக்கி நிற்கின்றது. சொல்லில் உருபு இல்லையாயினும், இடத்தைக் கொண்டு பொருளைப் பிழையின்றி உணர்கின்றோம். வி-லேன் சீட்டும் அத்தகையதே. ரூட்டரையும் துணை நிலையத்தையும் இணைக்கும் கம்பியில் மூன்று வலைகளின் பொட்டலங்களும் கலந்து செல்வதால் அங்குச் சீட்டு வெளிப்பட நிற்றல் வேண்டும். மேசைக் கணினியும் அச்சுப்பொறியும் சீட்டைப் படிக்கும் பழக்கம் இல்லாதவை. ஆதலின் அவற்றுக்குச் செல்லும் வாயிலில் ரூட்டர் சீட்டை நீக்கி விடுக்கும். அவ்வாயில் வழியாக உள்ளே வரும் பொட்டலத்திற்கு அவ்வாயிலுக்குரிய எண்ணைத் தானே சேர்த்துக்கொள்ளும். பல வலைகள் செல்லும் பொதுத் தடத்தில் விரி. ஒரே கருவி நிற்கும் தனி வாயிலில் தொகை. இதனை நினைவிற் கொண்டார்க்கு அமைப்புப் பக்கத்தின் கட்டங்கள் அச்சம் தாரா.

வாயிலில் வந்து நிற்கும் எண்

வி-லேன் ஏதோ பெருநிறுவனங்களுக்குரிய பொருள் எனக் கருதுவோர் உளர். மலேசிய வீடுகளில் அது பல்லாண்டுகளாகப் புழங்கி வருகின்றது. டெலிகாம் மலேசியா நிறுவனம் 2010ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் யுனிஃபை என்னும் ஒளியிழை இணையச் சேவையைக் கிள்ளான் பள்ளத்தாக்கின் சில பகுதிகளில் தொடங்கியது. ஒரே ஒளியிழையில் இணையமும் தொலைக்காட்சியும் சேர்ந்து வந்தன. இவை ஒன்றோடொன்று கலவாதிருக்க, இணையத்திற்கு 500 என்னும் வி-லேன் எண்ணும், ஹைப் டிவி எனப் பெயரிய தொலைக்காட்சிக்கு 600 என்னும் எண்ணும் அளிக்கப்பட்டன. பின்னர் அச்சேவை பிற மாநிலங்களுக்கும் பரவியது. கூடத்தில் அமர்ந்து படம் பார்த்தவர் அறியாமலே, இரு மெய்நிகர் வலைகள் அவர்தம் வீட்டுச் சுவரைத் துளைத்து வந்து நின்றன.

இதனால் அறியத்தக்கன இரண்டு. முதலாவது, யுனிஃபை இணைப்புள்ளோர் தம் சொந்த ரூட்டரை வாங்கி வைக்கும்போது, வெளிவாயிலில் 500 என்னும் எண்ணைச் சீட்டுடன் அமைத்தல் வேண்டும். இல்லையேல் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரியாயிருந்தும் இணைப்புக் கிடையாது. இரண்டாவது, வீட்டு உள்வலைகளுக்கு எண் இடும்போது 500, 600 ஆகியவற்றைத் தவிர்த்தல் நன்று. 10, 20, 30 என இட்டுக்கொள்வது குழப்பமற்ற வழி.

வகுக்கும் முறை

முதலில் தாளும் எழுதுகோலும் எடுத்து வீட்டிலுள்ள கருவிகளையெல்லாம் பட்டியலிடுக. பின்னர் அவற்றை மூன்று வகையாகப் பிரிக்க. நம்பத்தக்க குடும்பக் கணினிகள், கைப்பேசிகள், அச்சுப்பொறி ஆகியன இல்ல வலை, எண் 10. வருவோர் கைப்பேசிகள் விருந்து வலை, எண் 20. கேமரா, தொலைக்காட்சி போன்று, வாங்கிய பின் எவரும் திரும்பிப் பாராத கருவிகள் கருவி வலை, எண் 30. முகவரிகளையும் இவ்வெண்ணோடு பொருந்த அமைத்தால் நினைவிற்கு எளிது: 192.168.10, 192.168.20, 192.168.30 எனத் தொடங்குவன. ஒவ்வொன்றிலும் 254 கருவிகளுக்கு இடமுண்டு.

அடுத்து, இதனைச் செய்யவல்ல ரூட்டர் வேண்டும். சேவை நிறுவனம் தந்த பெட்டி இதற்கு இடந்தராமல் இருக்கலாம். வி-லேன் அமைப்பு உண்டா என்பதை வாங்கும்முன் கேட்டறிதல் நன்று. ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. என்னும் கட்டற்ற மென்பொருளை ஏற்கும் ரூட்டர்கள் பல உள. லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்னும் வீட்டு ரூட்டரின் மூலநிரல் வெளியிடப்பட்டதன் பயனாக 2004ஆம் ஆண்டில் தோன்றிய திட்டம் அது. துணை நிலையமும், இடையில் சுவிட்ச் ஒன்று இருப்பின் அதுவும், சீட்டை அறிந்தவையாக இருத்தல் வேண்டும்.

பின்னர் வேலை ஐந்து படிகளில் முடியும். முதற்படி, ரூட்டரின் பாலத்தில் 10, 20, 30 என்னும் மூன்று எண்களைத் தோற்றுவித்தல். இரண்டாம் படி, துணை நிலையத்துக்குச் செல்லும் வாயிலை மூன்றுக்கும் சீட்டுடன் எனவும், கணினி இணையும் வாயிலை 10க்கு மட்டும் சீட்டின்றி எனவும் குறித்தல். மூன்றாம் படி, ஒவ்வோர் எண்ணுக்கும் தனி முகவரி வரிசையையும், கருவிகளுக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. ஏற்பாட்டையும் அமைத்தல். நான்காம் படி, ஒவ்வொரு வைஃபை பெயரையும் அதற்குரிய எண்ணோடு பிணைத்து, தனித்தனிக் கடவுச்சொல் இடுதல். ஐந்தாம் படி, வலைகளுக்கு இடையே காப்பரண் அமைத்தல். இவ்வைந்தாம் படியைத் தனியே விளக்க வேண்டும்.

வாயிற்காப்பு

நான்கு படிகள் முடிந்ததும் வலைகள் பிரிந்தன. ஆயின் அம்மூன்றும் வந்து சேருமிடம் ரூட்டரே. வலைகளுக்கு இடையே வழிகாட்டுவது ரூட்டரின் இயல்பான தொழில். தடுக்குமாறு கட்டளையிடாவிடின், விருந்து வலையில் எழும் பொட்டலத்தை அது தன் கடமை என எண்ணி இல்ல வலையில் சேர்ப்பிக்கவும் கூடும். அவ்வாறாயின் எண்ணும் சீட்டும் பயனற்றுப்போம். சுவர் எழுப்பியும் கூரையை எட்டவில்லை.

காப்பரணுக்கு இடும் கட்டளைகள் சில. இல்லத்திலிருந்து இணையம் செல்லலாம். விருந்திலிருந்து இணையம் செல்லலாம். இல்லத்துக்கோ கருவி வலைக்கோ செல்லலாகாது. இல்லத்திலிருந்து கருவி வலைக்குச் செல்லலாம். கருவி வலையிலிருந்து இல்லத்துக்குச் செல்லலாகாது. இல்லத்தார் கேமராவைப் பார்க்க வேண்டுமே, கேமராவின் விடை எவ்வாறு வரும் என ஐயுறலாம். காப்பரண் எவ்வுரையாடலை யார் தொடங்கினார் என்பதை நினைவில் வைக்கும். இல்லத்தார் கேட்ட கேள்விக்குக் கேமரா விடையளிக்கலாம். தானாக வந்து கதவைத் தட்டலாகாது.

இன்னும் ஒன்று. விருந்து வலையினர் ரூட்டரையே அணுகாமல் முற்றும் தடுத்துவிட்டால் இணையமும் கிட்டாது. முகவரி பெறுவதற்கும், தளப்பெயர்க்குரிய எண்முகவரியைக் கேட்டறிவதற்கும் அவர்கள் ரூட்டரிடம் பேசியாக வேண்டும். அவ்விரண்டையும் விடுத்து, ரூட்டரின் அமைப்புப் பக்கத்தை மட்டும் மூடுதல் வேண்டும்.

நேரும் இடையூறுகள்

இம்முயற்சியில் வழக்கமாக நேரும் துன்பங்கள் நான்கு. எந்த வாயிலில் கணினியை இணைத்து அமைப்பை மாற்றுகின்றாரோ அவ்வாயிலையே மாற்றிவிட்டு, ரூட்டருக்குள் மீண்டும் நுழைய முடியாமல் தவிப்பது முதலாவது. தொடங்குமுன் பழைய அமைப்பைக் கோப்பாகச் சேமித்துக்கொள்க; ஒரு வாயிலை இறுதிவரை தொடாது விடுக.

இரண்டாவது, அச்சுப்பொறி காணாமற் போதல். கைப்பேசி அச்சுப்பொறியையும் தொலைக்காட்சியையும் தேடுவது ஒருவகைக் கூவியழைப்பினால். அக்கூவல் தன் வலையின் எல்லையைக் கடவாது. கருவி வலையில் இட்ட தொலைக்காட்சி, இல்லக் கைப்பேசிக்குத் தென்படாமற் போவதும் இதனாலேயே. அக்கூவலை ஒரு வலையிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் சொல்லும் மென்பொருள் உண்டு. அன்றி, அடிக்கடி வேண்டும் கருவியை இல்ல வலையிலேயே வைத்தல் எளிது.

மூன்றாவது, பெயர்களை மிகுத்தல். ஒவ்வொரு வைஃபை பெயரும் தன் இருப்பை நொடிக்கு ஏறத்தாழ 10 முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். பெயர்கள் பெருகப் பெருக, பாடம் செல்ல வேண்டிய காற்றுவெளி அறிவிப்புகளால் நிறையும். மூன்று நான்கு பெயர்களுக்கு மேல் வீட்டுக்கு வேண்டா.

நான்காவது, சீட்டைப் பூட்டு என மயங்குதல். சீட்டு ஓர் எண்ணே. அது தரவை மறைப்பதில்லை. மூன்று எண்களும் செல்லும் வாயிலில் எவரேனும் தம் கணினியைச் செருகினால், வேண்டிய எண்ணைத் தாமே இட்டு நுழையலாம். ஆகவே பொதுத் தட வாயில் விருந்தினர் கைக்கு எட்டுமிடத்தில் இருத்தலாகாது. வைஃபை கடவுச்சொல் வலிதாக இருத்தலும், கேமராவின் ஆலைக் கடவுச்சொல்லை மாற்றுதலும் வி-லேன் அமைத்த பின்னரும் நீங்காக் கடமைகளே.

ஆய்ந்து தெளிதல்

மாணவன் ஒப்புவித்த பிறகே பாடம் முடிந்தது என்பார் ஆசிரியர். வலைக்கும் ஒப்புவித்தல் உண்டு. விருந்து வலையில் கைப்பேசியை இணைத்து மூன்று சோதனைகள் செய்க. இணையத் தளம் ஒன்று திறக்கின்றதா? திறத்தல் வேண்டும். இல்லத்து அச்சுப்பொறியின் முகவரியை நாடினால் விடை வருகின்றதா? வரலாகாது. ரூட்டரின் அமைப்புப் பக்கம் தோன்றுகின்றதா? தோன்றலாகாது. ரூட்டருக்கு ஒவ்வொரு வலையிலும் ஒரு முகவரி இருத்தலின், 192.168.20.1 என்பதையும் 192.168.10.1 என்பதையும் இரண்டையும் நாடிப் பார்த்தல் வேண்டும். முன்கூடத்தில் செய்த இச்சோதனைகளைப் பின்கட்டுத் துணை நிலையத்தின் அருகே நின்று மறுபடியும் செய்க. முன்னதில் தேறியது பின்னதில் தவறுவதுண்டு. கருவி வலைக்கும் இவ்வாறே ஆய்க. ரூட்டரின் மென்பொருளைப் புதுப்பிக்கும்தோறும் இவ்வாய்வை மீண்டும் நிகழ்த்துதல் நலம்.

விருந்தினரைத் தனி வலையில் வைப்பது அவரை ஐயுறுவதாகாதோ என்று சிலர் தயங்குவர். லயத்து வீட்டின் முன் அஞ்சடி இருந்தது. வந்தவர் அங்கே அமர்ந்தார், தேநீர் அருந்தினார், மழைக்கு ஒதுங்கினார். பெட்டி இருந்த உள்ளறைக்குள் அவர் நுழையவில்லை என்பதனால் அவர் மதிப்பும் குறையவில்லை, வீட்டாரின் அன்பும் குறையவில்லை. விருந்து வலை அவ்வஞ்சடி போன்றது. அதன் கடவுச்சொல்லை அட்டையில் எழுதிக் கூடத்துச் சுவரில் மாட்டியும் வைக்கலாம். உள்ளே கணினியில் இருக்கும் நாற்பது பிள்ளைகளின் பதிவேடு, அவர்கள் ஆசிரியரை நம்பி ஒப்படைத்தது. பெயர் தந்து, எண் இட்டு, காப்பரண் நிறுத்தி, ஆய்ந்து பார்த்த பின்னரே அந்நம்பிக்கைக்குரிய சுவர் கூரையைத் தொட்டது எனலாம்.